ஆட்டு இன்ஸ்பெக்டருக்குக் கொட்டகை அனுமதி

தொலைக்காட்சி நிகழ்ச்சி பற்றி நேயர் ஒருவர் எழுத்தில் புகார் கொடுத்தால், அது கிடைத்ததை நிலையத்தார் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். பதினைந்து நாளுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும். விதி தெளிவாகத்தான் இருக்கிறது. விதிகள் எப்போதுமே தெளிவாகத்தான் இருக்கும். கலெக்டர் அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் அவற்றோடு குடித்தனம் நடத்தியவன் சொல்கிறேன்.

என் புகார் ஓர் ஆட்டைப் பற்றியது.

சித்திரைக் கடைசியில் சேலத்தில் என் மனைவிக்கு வலது முழங்காலை மாற்றினார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். ஆறு வாரத்துக்குள் முட்டி தொண்ணூறு டிகிரிக்கு மேல் மடங்க வேண்டும். இல்லாவிட்டால் மறுபடி மயக்க மருந்து கொடுத்து அவர்களே மடக்குவார்கள். இதைக் கேட்ட நாள் முதல் அவளுக்குத் தூக்கம் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து குதிகாலைத் தரையோடு பின்னுக்கு இழுக்க வேண்டும், தினமும் இருபது நிமிடம். மூன்றாவது இழுப்பிலேயே முகம் சுருங்கி நிறுத்திவிடுவாள்.

ஒரு நாள் மாலை ஐந்து மணிக்கு டிவியில் ஏதோ கார்ட்டூன் ஓடியது. போலீஸ் தொப்பி வைத்த ஓர் ஆடு. அது இன்ஸ்பெக்டர். யார் மனு கொடுத்தாலும் வாங்கித் தின்றுவிடும். பிறகு காகிதத்தின் ருசியை வைத்துத் திருடன் எந்த ஊர் என்று கண்டுபிடிக்கும். என் மனைவி சிரித்தாள். சிரித்தபோது குதிகால் தானாகப் பின்னால் போனது, அவளுக்கே தெரியாமல். அன்றிலிருந்து ஐந்து மணி ஆடு எங்கள் மருந்துச் சீட்டில் சேர்ந்தது. வாராவாரம் பெரிய காம்பஸ் போன்ற கருவியோடு வந்து அளக்கும் பெண், எழுபத்தைந்து டிகிரி என்று எழுதிவிட்டுப் போனாள்.

மூன்றாம் வாரம் ஆட்டைக் காணோம். அந்த இடத்தில் இருவர் காய் நறுக்கும் கருவி விற்றுக்கொண்டிருந்தார்கள். விசாரித்ததில் ஆடு காலை ஐந்தரைக்கு மாற்றப்பட்டிருந்தது. விடியலில் எழுந்து பார்த்தோம். அந்த நேரத்தில் அவள் கால் கட்டை போல இருந்தது. செல்போனில் இருக்குமே என்றான் பெங்களூரில் இருக்கும் மகன். இருந்தது, இந்தியில். ஆடு இந்தியில் பேசினால் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

நேரம் மாறிய நிகழ்ச்சியைப் பழைய நேரத்துக்கே கேட்க விதியில் இடமில்லை. நிகழ்ச்சி முறையற்றது என்று புகார் சொல்லத்தான் இடமுண்டு. இடமில்லாத கோரிக்கையை இடமுள்ள புகாராக மாற்றி எழுதுவது எங்கள் பிரிவின் பழைய வழக்கம். எழுபதுகளில் நான் சினிமாக் கொட்டகை உரிமப் பிரிவில் இளநிலை எழுத்தர். அன்று இந்த ஆடு என் மேசைக்கு வந்திருந்தால் என்ன குறிப்பு எழுதியிருப்பேனோ, அதையே நான்கு ஆட்சேபங்களாக எழுதினேன். சீருடைக்கு இழுக்கு. அரசுப் பணியாளர் மனுவை அழிப்பதாகச் சித்திரிப்பு. அஃறிணைக்கு அதிகாரம் வழங்கல். காகித விரயம். கடைசி வரியில், பெரியவர்கள் கண்காணிக்க வசதியாக மாலை ஐந்து மணிக்கு மாற்றுமாறு வேண்டினேன். ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

நகலைப் படித்த மனைவி கேட்டாள்: "ஏனுங்க, பாவம் அந்த ஆடு உங்களுக்கு என்னங்க பண்ணுச்சு?"

"இது வழிமுறை."

"வழிமொறைல போனது எது திரும்பி வந்துருக்குது?"

பதினைந்து நாளில் பதில் வரவில்லை. ஒப்புகை அட்டையும் வரவில்லை. அளக்கும் பெண் மறுபடியும் எழுபத்தைந்து என்று எழுதினாள். மருத்துவர் வைத்த கெடுவுக்குப் பத்து நாள் பாக்கி.

அந்த வாரம்தான் கொட்டகைக்காரர் வந்தார். இங்கே பரமத்தி வேலூரில் ஒரு காலத்தில் டூரிங் டாக்கீஸ் நடத்தியவர். ஆண்டுக்கு ஒருமுறை உரிமம் புதுப்பிக்க என் மேசை முன்னால் நின்றவர். இப்போது வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறார். புகாரின் நகலைப் படித்தார்.

"ஏனுங் சார், எங்கொட்டாயிக்கும் அன்னிக்கு நாலு ஆட்சேபந்தான எழுதுனீங்க? நாலு மட்டும் மாறவே இல்லீங்க."

"மூன்று என்றால் மேலதிகாரி நம்ப மாட்டார்."

"செரி, இந்த ஆட்டுப் படத்த அன்னிக்கு நான் கொட்டாயில ஓட்டறன்னு வெச்சுக்கங்க. மனு போடறனுங்க. என்ன பண்ணுவீங்க?"

"போலீஸ் கருத்துக்கு அனுப்புவேன். சீருடையில் ஆடு என்று திருப்பி அனுப்புவார்கள்."

"தொப்பியக் கழட்டீர்றனுங்க."

"தொப்பி இல்லாவிட்டால் அது வெறும் ஆடு. வெறும் ஆடு எப்படி விசாரிக்கும்?"

"அப்ப கிராம முன்சீப்புன்னு வெச்சுக்கலாமுங்க."

"அது எங்கள் வருவாய்த் துறை."

நாற்காலியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். குதிகால் நாற்காலிக் காலைத் தாண்டிப் பின்னால் போயிருந்தது.

கொட்டகைக்காரரும் பார்த்துவிட்டார். மறுநாள் சரியாக ஐந்து மணிக்கு வந்து, விட்ட இடத்திலிருந்து மனுவைத் தொடர்ந்தார். அவர் விண்ணப்பதாரர், நான் எல்லா அதிகாரிகளும். மின் ஆய்வாளர், பொதுப்பணித் துறைப் பொறியாளர், சுகாதார அலுவலர், கால்நடை மருத்துவர் என்று ஒவ்வொரு நாளும் ஒருவர் பெயரால் ஆட்டை நிராகரித்தேன்.

"அனுமதி கெடச்சாலும் ஓடியிருக்காதுங்க," என்றார் ஒரு நாள். "காலையில நானும் பாத்தனுங்க, இது வெரசா ஓடற படம். கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள ஆடு மூணு ஊரு தாண்டீருது. மிஷினு கெட்டுப்போச்சுன்னு சத்தம் போட்டிருப்பாங்க. அப்பறம் எங்ககிட்ட ஒரே மிஷினு. திருடனப் புடிக்கற நேரத்துல ரீலு மாத்தோணும். வெளக்கப் போட்டா ஆளாளுக்கு முறுக்கு வாங்கித் தின்னுக்கிட்டே திருடன் யாருன்னு பேசி முடிச்சிருப்பாங்க."

"கொடிக்காலுக்குள்ள ஆடு பூந்துச்சே, அந்தக் கதை?" என்றாள் மனைவி.

"ஐயோ அம்மிணி, அதத் தொட்டே பாக்க முடியாது. தரை டிக்கெட்டு மொத்தமும் எந்திரிச்சுத் தொரத்தியிருக்கும். திரை கிழிஞ்சிருக்கும்."

"எங்கப்பனே தடியெடுத்துக்கிட்டு வந்திருப்பாருங்ண்ணா." அவள் பிறந்ததும் வெற்றிலை வீட்டில்தான்.

நான் யோசித்துப் பார்த்தேன். குழந்தைகளுக்கென்று தனிப் படம் கேட்டு அந்த வருடங்களில் ஒரு மனுகூட என் மேசைக்கு வந்ததில்லை. பிள்ளைகள் பெரியவர்களின் அழுகைப் படத்தையே பார்த்து, மணலில் படுத்துத் தூங்கின. ஆடு பேசுவதை அன்று யாரும் ஆட்சேபித்திருக்க மாட்டார்கள். தொப்பியைக்கூட எப்படியாவது பேசி முடித்திருக்கலாம். மனுவைத் தின்பதுதான் செல்லுபடியாகியிருக்காது. அது மட்டும்தான் அந்தக் கார்ட்டூனில் கற்பனை இல்லாத பகுதி.

கெடுவுக்கு இரண்டு நாள் முன்பு, தீயணைப்புத் துறையின் பெயரால் நான் ஆட்டை மறுபடி திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தபோது மனைவி குறுக்கிட்டாள்.

"ரெண்டு பேரும் போதும். இனிமே நாந்தான் கலெக்டரு. தொப்பியோட ஓட்டலாம். மனுவத் திங்கலாம். கொடிக்காலுக்குள்ள மட்டும் போகக்கூடாது. உத்தரவு."

"கோப்பைப் பார்க்காமல் உத்தரவு போடக் கூடாது."

"அதத்தான் ஆடு தின்னுருச்சுங்களே."

கொட்டகைக்காரர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உரிமம் கிடைத்த நாளின் மறுநாள் அந்தப் பெண் கருவியோடு வந்தாள். இரண்டு முறை அளந்தாள். தொண்ணூற்றாறு. என்ன பயிற்சி செய்தீர்கள் என்று கேட்டாள். விளக்க ஆரம்பித்தேன். மனைவி, "ஆபீஸ் வேலைங்க," என்று சொல்லி முடித்துவிட்டாள். மயக்க மருந்து தேவையில்லை என்று மருத்துவரும் சொன்னார்.

அதற்கு ஆறு வாரம் கழித்துக் காவிரியில் தண்ணீர் நிறைந்து ஓடிய நாளில் அவள் என் தோளைப் பிடிக்காமல் படித்துறையில் இறங்கினாள். கைப்பிடிக் கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக, கடைசிப் படிவரை. குனிந்து தண்ணீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டாள். மேலே நின்ற கொட்டகைக்காரர் அவள் இறங்கிய படிகளைச் சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தார். பாதியில் எண்ணிக்கை தவறி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

வீட்டுக்கு வந்தால் பக்கத்து வீட்டம்மா ஓர் உறையைக் கொடுத்தார். நிலையத்தின் பதில். தங்கள் நான்கு ஆட்சேபங்களும் பரிசீலிக்கப்பட்டு முழுமையாக ஏற்கப்பட்டன, நிகழ்ச்சி அடியோடு நிறுத்தப்பட்டுள்ளது, தங்கள் சமூகப் பொறுப்புக்கு நன்றி. ஐந்து மணியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என் பணிக்காலம் முழுவதிலும் நான் எழுதிய ஆட்சேபங்கள் இப்படி ஒருமுறைகூட மொத்தமாக ஏற்கப்பட்டதில்லை.

"பாத்தீங்களா, வேலைய முடிச்சுட்டீங்க," என்றாள் மனைவி, ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே.

"உடுங்க அம்மிணி," என்றார் கொட்டகைக்காரர். "நம்ம கொட்டாயில ஓடறத எந்த டிவிக்காரனும் நிறுத்த முடியாதுங்க. நாளைக்கு அஞ்சு மணிக்கு வாரேன். புதுப்பிக்கற மனு இருக்குதுல்ல."

பழக்க தோஷத்தில் கடிதத்தின் இடது மூலையில் எழுதி வைத்தேன்: பெறப்பட்டது, ஆடி பதினெட்டு.