இடைவேளை பத்து நிமிஷம், பாய்லர் ஒன்று

காப்பித் தொழிலுக்குப் பாலும் தூளும் தெரிந்தால் போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எக்ஸ்பிரஸ்ஸோ மெஷின் வைத்த பிறகுதான், திருகாணி, வாசர், ஸ்பிரிங், ஆவி எல்லாவற்றுக்கும் நாமே பதில் சொல்ல வேண்டிய தொழில் இது என்று தெரிந்தது. மாவு மில்லோ, தறியோ, பம்புசெட்டோ, ஏதாவது ஒரு மெஷினுக்குப் பக்கத்தில் நின்று பிழைக்கிறவர்களுக்கு நான் சொல்லப் போவது புரியும். மற்றவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

திண்டுக்கல்லில் ஒரு சினிமா டாக்கீஸில் எங்களுக்குக் கேண்டீன். என் வீட்டுக்காரர் தோல் பதனிடுகிற தோல்ஷாப்பில் பதினாறு வருஷம் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவர். கையும் காலும் வெந்து புண்ணாகி, இனிமேல் தொட்டியில் இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நானோ ஏழாங்கிளாஸோடு நின்றவள். கேண்டீனை விட்டால் எங்களுக்கு வேறு போக்கு இல்லை. அதைக் கொடுக்கும்போதே டாக்கீஸ் மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார்: "தை வரைக்கும் பார்ப்போம். இடைவேளையில ஜனங்க ரோட்டைத் தாண்டி எதுத்த டீக்கடைக்குப் போகாம இருந்தா கேண்டீன் உங்களுக்கு. போனாங்கன்னா, சோடா, கலர் விக்கிற ஆளு ஒருத்தன் ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டு இருக்கான்."

ஜனங்களை நிறுத்தி வைப்பதற்காகத்தான் என் வீட்டுக்காரர் கொடைக்கானலில் மூடிப்போன ஒரு ஓட்டலிலிருந்து அந்த மெஷினை இறக்கிக் கொண்டுவந்தார். வெளிநாட்டுச் சாமான். கூடவே ஒரு புத்தகம்கூடக் கிடையாது. இருந்திருந்தாலும் எங்களுக்கு வாசிக்கத் தெரிந்திருக்காது.

முள் காட்டிய பொய்

உள்ளே படுக்கை வசத்தில் ஒரு செம்பு டிரம் இருக்கும். அதுதான் பாய்லர். அதில் முக்கால் வாசி தண்ணீர். தண்ணீருக்குள் ஜிலேபி மாதிரி சுருண்ட ஒரு எலிமெண்ட். கரண்ட் விட்டால் தண்ணீர் கொதித்து ஆவியாகி, வெளியே போக வழியில்லாமல் முட்டும். எவ்வளவு முட்டுகிறது என்பதை முன்பக்கம் ஒரு வட்ட மீட்டரில் முள் காட்டும். கைப்பிடிக் கிண்ணத்தில் தூளை அமுக்கி மாட்டித் திறந்தால், அந்த அழுத்தமே கொதிதண்ணீரைத் தூள் வழியாகத் தள்ளிவிடும். ஓரத்தில் இருக்கும் ஆவிக்குழாயைப் பாலில் விட்டால் நுரை. இவ்வளவுதான். கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருக்கிறது.

முதல் நாள் மாட்னி. இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் சுவிட்சைப் போட்டேன். மளமளவென்று முள் பச்சைக் கோட்டுக்கு வந்து நின்றது. அடடா என்று பூரித்துப்போய் வரிசையாக இருபது டம்ளர் பிடித்துக் கொடுத்தேன். பிறகுதான் தெரிந்தது: தண்ணீருக்கு மேலே அடைபட்டிருந்த காற்று சூட்டில் புடைத்து முள்ளை நகர்த்தியிருக்கிறது. தண்ணீர் இன்னும் கொதிக்கவே இல்லை. ஆவிக்குழாயைத் திறந்து வைத்துக் காய்ச்சி, காற்றெல்லாம் போய் நிஜ ஆவி வந்த பிறகுதான் மூட வேண்டுமாம். அதை அன்றைக்கு யார் எனக்குச் சொன்னார்கள்? வேடசந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பி வைத்தார். "ஏத்தா, இது காப்பியா, இல்ல காப்பி குடிச்ச டம்ளரைக் கழுவுன தண்ணியா?"

நிறைந்தே இருந்த கண்ணாடிக் குழாய்

பாய்லருக்குப் பக்கத்தில் விரல் தடிமனில் ஒரு கண்ணாடிக் குழாய் நிற்கும். மேலேயும் கீழேயும் பாய்லரோடு சேர்ந்திருக்கும். உள்ளே தண்ணீர் எந்த மட்டமோ அதே மட்டம் குழாயிலும் தெரியும். டாக்கீஸ் போர்வெல்லின் உப்புத் தண்ணீரைத்தான் ஊற்றிக்கொண்டிருந்தேன். மூன்றாம் மாசம் பார்த்தால், குழாயில் தண்ணீர் இறங்கவே இல்லை. காலையிலும் முக்கால், சாயங்காலமும் முக்கால். "மெஷினு தண்ணியே குடிக்கிறதில்ல, பாத்தீகளா" என்று அவரிடம் பெருமையாக வேறு சொன்னேன். இரண்டு நாள் தண்ணீரே ஊற்றவில்லை.

மூன்றாம் நாள் உள்ளே 'டப்' என்றது. ஃபியூஸ் போய், தீய்ந்த வாடை வந்தது. பூட்டுப் பட்டறை வைத்திருக்கிற சவரிமுத்து அண்ணனைக் கூட்டி வந்தோம். பூட்டு செய்கிறவர்தான், ஆனால் திண்டுக்கல்லில் திருகாணி உள்ள எதையும் அவர் திறந்துவிடுவார். கண்ணாடிக் குழாயின் அடித்துவாரத்தைத் தண்ணீரில் இருந்த சுண்ணாம்பு உப்பு அடைத்துவிட்டதாம். குழாயில் நின்றது பழைய தண்ணீர். பாய்லர் வற்றி, எலிமெண்ட் வெறும் சூட்டில் வெடித்திருக்கிறது. புது எலிமெண்ட் செய்து மாட்ட ஒன்பது நாள் ஆனது. ஒன்பது நாளும் இடைவேளையில் ஜனங்கள் ரோட்டைத் தாண்டிப் போவதை மேனேஜர் கேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் மேனேஜரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாய்லருக்குள்ளிருந்து பாளம் பாளமாக வெள்ளையாகப் பெயர்த்துப் போட்ட சவரிமுத்து அண்ணன் என் வீட்டுக்காரரை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "சுண்ணாம்புக்குப் பயந்து தோல்ஷாப்பை விட்டு வந்தீக மாப்ள, அது பஸ் பிடிச்சு உங்களைத் தேடி வந்திருச்சே!"

தண்ணீருக்கு டிக்கெட்

அதற்குப் பிறகு மெஷினுக்கு நல்ல தண்ணீர்தான் என்று முடிவானது. முனிசிபாலிட்டிக் குழாயில் நல்ல தண்ணீர் என்றைக்கு வரும் என்று அந்தக் குழாய்க்கே தெரியாது. சித்தையன்கோட்டையில் என் நாத்தனார் வீட்டுக் கிணறு இளநீர் மாதிரி இருக்கும். வாரத்துக்கு இரண்டு தடவை நான் பஸ் ஏறிப் போய் இரண்டு கேனில் பிடித்து வருவேன். வீட்டில் நாங்கள் உப்புத் தண்ணீரில்தான் சோறு வடித்தோம்.

ஒரு நாள் பஸ் குலுங்கியதில் கேன் மூடி கழன்று ஒரு அம்மாவின் மல்லிகைப்பூக் கூடையெல்லாம் நனைந்துவிட்டது. பூவுக்குத் தண்ணீர் தெளித்ததற்குச் சண்டை போட்ட ஒரே பெண்பிள்ளை அவளாகத்தான் இருப்பாள். என்ன ஏது என்று கண்டக்டர் விசாரிக்க, மெஷின் கதையை முழுக்கச் சொன்னேன். அவர் லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்தபடியே கேட்டார்: "எங்க வீட்டுல மாமியாருக்கே போர்த் தண்ணிதான். உங்க மெஷினு எந்த ஜமீன் வீட்டுப் பிள்ளைத்தா?"

செருப்பு வாசர்

கைப்பிடிக் கிண்ணம் போய் மாட்டுகிற இடத்தில் ஒரு ரப்பர் வளையம் உண்டு. அது மெத்தென்று இருக்கும்வரை ஆவி கசியாது. சூட்டிலேயே கிடந்து அது ஓடு மாதிரி ஆகிவிட்டது. அந்த அளவில் வளையம் திண்டுக்கல்லில் கிடையாது, மதுரையிலும் கிடையாது. சவரிமுத்து அண்ணன் என் வீட்டுக்காரரின் பழைய ரப்பர் செருப்பை வாங்கி, குதிகால் பக்கம் வட்டமாக வெட்டிப் பொருத்திக் கொடுத்தார். ஒரு வாரம் காப்பியில் டயர் வாசம் அடித்தது. பரவாயில்லை, போகப் போகச் சரியாகும் என்று இருந்தேன்.

சரியாகவில்லை. செருப்பு ரப்பர் சூட்டில் இளகி வழுக்கிவிட்டது. நான் தண்ணீரைத் திறந்த நிமிஷம் கைப்பிடி தானே சுற்றிக் கழன்று, கொதிக்கிற காப்பிச் சக்கை பட்டாசு மாதிரிச் சிதறியது. என் கையில் கொஞ்சம். மீதி எல்லாம் எதிரே நின்ற ஒரு தம்பியின் வெள்ளைச் சட்டையில். நல்லவேளை, மேலே படுவதற்குள் ஆறிவிட்டது. நான் அழாத குறையாகத் துண்டை எடுத்துத் துடைக்கத் துடைக்க அது இன்னும் பரவியது. அந்தத் தம்பி கோபப்படக்கூட இல்லை. "சாயங்காலம் சின்னாளபட்டியில பொண்ணு பாக்கப் போறேன்க்கா. மாப்பிள்ளைக்கு என்ன தொழில்னு கேட்டா இப்ப நான் என்னன்னு சொல்ல, காப்பித்தூள் மில்லுன்னா?"

பால் குடித்த பாய்லர்

ஒரு நாள் இடைவேளை மணி அடிக்கப் போகிற நேரம் பார்த்துக் கரண்ட் போனது. ஆவிக்குழாய் பால் ஜாடிக்குள் இருந்தது. அதை மூடாமல் அப்படியே விட்டுவிட்டு மெழுகுவர்த்தி தேடப் போனேன். கடைகடையாக அலைந்து அரை மணி கழித்துத் திரும்பி வந்தால் ஜாடியில் பால் இல்லை. இரண்டு படி பால்! முதலில் பூனையைத் திட்டினேன். பிறகு, கேட்டில் டிக்கெட் கிழிக்கிற சந்தானம்தான் அந்தப் பக்கம் வந்து போனான் என்று அவனையும் திட்டினேன். சும்மா திட்டவில்லை, நாலு பேர் கேட்கத் திட்டினேன்.

கரண்ட் வந்து பாய்லர் சூடானதும்தான் விஷயம் நாறியது. சூடு குறைந்தால் உள்ளே இருக்கிற ஆவி சுருங்கி ஒரு கை தண்ணீராகிவிடுமாம். அது இருந்த இடம் வெற்றிடமாகி, திறந்திருக்கிற குழாய் வழியாக எது கிடைத்தாலும் உறிஞ்சிக்கொள்ளுமாம். அத்தனை பாலும் பாய்லருக்குள் போய்த் தயிராகித் தீய்ந்து கிடந்தது. பத்துத் தடவை கழுவியும் அந்த நாற்றம் போக ஒரு வாரம் ஆனது. சந்தானம் கேண்டீன் வாசலில் வந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். "பூனையைத் திட்டுனீக, என்னையத் திட்டுனீக. குடிச்சவன் இங்க கல்லு மாதிரி உக்காந்திருக்கான், அவனை ஒரு வார்த்தை கேட்டீகளாக்கா?"

உஸ் என்றால் போச்சு

மார்கழி பாதி முடிந்தது. தைக்கு இன்னும் இரண்டே வாரம். எப்படியோ மெஷின் ஒழுங்காக ஓடியது, ஜனங்களும் வெளியே போகவில்லை. சாமி கண்ணைத் திறந்துவிட்டது என்று நினைத்தேன். அப்போதுதான் ஒரு அழுகைப் படம் போட்டார்கள்.

பாய்லர் உச்சியில் ஸ்பிரிங் வைத்த ஒரு சின்ன மூடி உண்டு, சேஃப்டி வால்வு. அழுத்தம் சிவப்புக் கோட்டைத் தாண்டினால் ஸ்பிரிங் தூக்கிக்கொண்டு ஆவியை வெளியே விட்டுவிடும். கோட்டைத் தொடும் முன்பே கரண்டை நிறுத்துகிற தானியங்கி சுவிட்சும் உள்ளே இருந்தது. ஆனால் அது தீய்ந்து ஒட்டிப்போய் ஒரு மாசம் ஆகியிருந்தது. சுவரில் இருக்கிற சுவிட்சைத்தான் கையால் போட்டுப் போட்டு நிறுத்துவோம். கொஞ்சம் மறந்தால் 'உஸ்ஸ்ஸ்' என்று வால்வு கத்தும். கேண்டீனுக்கும் தியேட்டருக்கும் நடுவில் ஒரு துணித் திரைதான். படத்தில் தாய் சாகிறாள், சபை முழுக்க விசும்புகிறது, பின்னாலிருந்து எங்கள் மெஷின் 'உஸ்' என்கிறது. பெஞ்சு டிக்கெட்டுக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். மேனேஜர் வந்து, "இன்னொரு வாட்டி சத்தம் வந்துச்சுன்னா தை வரைக்கும்லாம் இல்ல, அன்னைக்கே சாமானைத் தூக்கிருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் மாட்னி முடியப் போகிற நேரம். படம் விட்டு வருகிற கூட்டத்துக்காகப் பாய்லரைக் காய வைத்துவிட்டு, என் வீட்டுக்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிப் பால் வாங்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் முள் சிவப்பைத் தாண்டிக் கடைசி ஆணியில் முட்டிக்கொண்டு நிற்கிறது. சத்தமே இல்லை. மேலே பார்த்தேன். வால்வைக் கட்டுக்கம்பியால் நாலு சுற்றுச் சுற்றி இறுக்கியிருந்தார். அடுத்த ஆட்டத்துக்கு வந்த கூட்டம் ரோட்டைத் தாண்டிப் போகிறதா என்று வாசலில் எட்டிப் பார்க்கப் போனவர், சுவிட்சை மறந்துவிட்டார்.

சுவிட்சை அணைத்தேன். முள் இறங்கவில்லை. பாய்லர் மூட்டில் முத்து முத்தாகத் தண்ணீர் துளிர்த்தது. ஆவிக்குழாயைத் திறக்கக் கை வைத்தேன். அவர் ஓடிவந்து மெஷினை மறைத்துக்கொண்டு நின்றார். "தொறக்காதடி! கிளைமாக்ஸ்டி! பத்தே நிமிசம், தானா ஆறிரும். சத்தம் கேட்டா கேண்டீன் போச்சு!" வெந்துபோன அந்தக் கைகளால் என்னைக் கும்பிட்டார். அவர் முதுகுக்கு ஒரு சாண் பின்னால் பாய்லர் நடுங்கிக்கொண்டிருந்தது. திறந்தால் கேண்டீன் போகும் என்று எனக்கும் தெரியும். அவரைப் பிடித்துத் தள்ளிவிட்டு, முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு முழுசாகத் திறந்தேன்.

ரயில் உள்ளே வந்த மாதிரி ஒரு சத்தம். ஆவி திரைக்கு அடியில் புகுந்து தியேட்டர் முழுக்க வெள்ளையாக நிறைந்தது. யாரோ "தீ!" என்று கத்த, மொத்தப் பேரும் ரோட்டுக்கு ஓடினார்கள். ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை, பழனியாண்டவன் புண்ணியம். டிக்கெட்டுக்கு மட்டும் எல்லோரும் காசைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். கம்பியை மேனேஜரிடம் காட்டினேன், முள்ளைக் காட்டினேன், வெடித்திருந்தால் சுவரே நின்றிருக்காது என்று சொன்னேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சந்தானத்திடம் எங்கள் பெஞ்சை வெளியே எடுத்துப் போடச் சொன்னார். போகும்போது என்னிடம் மெதுவாகத்தான் சொன்னார்: "ஏம்மா, செத்த நேரம் பொறுத்திருக்கக் கூடாதா? 'வணக்கம்' போட்டு ஜனத்தை அனுப்பியிருப்பேன். அப்புறம் அது வெடிச்சா என்ன, வெடிக்காட்டி என்ன?"

மெஷினுக்குள் எந்தப் பாகம் எதற்கு இருக்கிறது என்று எனக்கு ஒன்று பாக்கி இல்லாமல் தெரிந்த அன்றைக்கு, எனக்குக் கேண்டீன் இல்லை.