விழுந்ததென்று சொன்னேன்

என் மகளின் வலது பாதத்தைக் கெடுத்தவன் நான்தான். நோய் பாதி, நான் பாதி என்றுகூடப் பங்கு பிரிக்க மாட்டேன். நோய்க்கு வாய் கிடையாது. பொய் சொன்னது என் வாய்.

உடனே முகத்தைச் சுளிக்காதீர்கள்... சுளிப்பதற்கு இன்னும் நிறைய இருக்கிறது.

என் எலும்புகளில் முடிச்சுகள் உண்டு. தோளில், மணிக்கட்டில், முழங்காலடியில். சிறுவயதில் முளைத்து, கல்லாய் இறுகி, ஆள் வளர்வது நின்றதும் தாமும் நின்றுபோனவை. புற்றல்ல. அப்பாவிடமிருந்து எனக்கு வந்த சொத்து. அவருடைய முழங்காலடி முடிச்சு நரம்பின்மேல் உட்கார்ந்துகொள்ள, கடைசிவரை ஒரு காலை இழுத்தே நடந்தார். எங்கள் ஊர் வில்பட்டியில் அவருக்கு ‘இழுவை’ என்று பெயர். நான் இழுவை மகன். அந்தப் பெயரை மறக்கடிக்கத்தான் கோமாளியானேன். சிரிக்க வைப்பவனை ஊர் உற்றுப் பார்ப்பதில்லை!

கொடைக்கானல் குளிரும் எனக்கு உடந்தை. வருடம் முழுக்க ஸ்வெட்டரோடு திரிபவனை இங்கே யார் கேட்கப்போகிறார்கள்? மனைவி மட்டும் கல்யாணமான புதிதில் கேட்டாள். பூண்டு ஏற்றிய ஜீப்பிலிருந்து விழுந்தேன் என்றேன். தோள், கை, கால் எல்லாமா என்றாள். உருண்டு விழுந்தேன் என்றேன். சிரித்துவிட்டாள். முடிந்தது சோலி.

மகள் மேகலாவுக்குப் பள்ளி வயதிலேயே வலது முழங்காலின் வெளிப்புறம் ஒரு பட்டாணி தட்டுப்பட்டது. கேரட் காட்டு வரப்பில் வழுக்கி விழுந்தாயே, அதுதான் என்றேன். அவள் விழவே இல்லை. பிள்ளைகள் எங்கேதான் விழவில்லை, நம்பினாள். பட்டாணி எலுமிச்சையானது. டவுனில் ஓட்டல் வேலைக்குப் போய் நாளெல்லாம் நிற்கத் தொடங்கியதும் வலித்தது. பெண் கேட்டு ஆட்கள் வரத் தொடங்கியிருந்ததும் அப்போதுதான்.

என்னிடம் வந்து காட்டினாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த வீரத்தைக் கேளுங்கள். பூண்டு பார்க்கவேண்டும் என்று பரணில் ஏறி ஒளிந்துகொண்டேன். பூண்டுக்குப் புகை போட்டிருந்த நாள். இருமி இருமி, கண்ணும் மூக்கும் ஒழுக, நானாகவே இறங்கி வந்தேன். பயத்தில்கூட உருப்படியாக ஒளியத் தெரியாதவன்!

ஆஸ்பத்திரிக்குப் போனால் படம் எடுப்பார்கள். பரம்பரையா என்பார்கள். மாப்பிள்ளை வீட்டுக்குக் காற்று சொல்லிவிடும். ஆகவே பழனிப் பக்கம் அடிவாரத்தில் ஒரு எலும்புக்கட்டு வைத்தியரிடம் கூட்டிப்போனேன். மலையில் கை கால் பிசகினால் எல்லோரும் போகிற இடம்தானே? அவர் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“இது விழுந்ததா, கூடவே வளர்ந்ததா?”

“விழுந்ததுங்க” என்றேன்.

முறிந்து கோணலாகக் கூடிய எலும்பு என்று நினைத்து அவர் முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் பூசி, மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினார். கால் மரத்துப்போனால் உடனே அவிழ்த்துவிடுங்கள் என்று சொல்லித்தான் அனுப்பினார். அவரைத் திட்டாதீர்கள். அந்த வசதியை உங்களுக்குத் தர மாட்டேன்.

வீட்டுக்கு வந்த மறுநாளே மேகலா சொன்னாள். “அப்பா, கட்டைவிரல் என்னுது மாதிரியே இல்ல. மரத்துக் கெடக்கு.”

“மரமாயிட்டா நல்லதுதான் தாயி. யூக்கலிப்டஸ் மாதிரி தைலம் காய்ச்சலாம்” என்றேன்.

அவள் சிரித்தாள். வலியோடு என் ஜோக்குக்குச் சிரித்தாள்! அப்பாவின் கால் முதலில் மரத்துத்தான் போனது. எனக்கு அது தெரியும். வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். அவிழ்த்தால் வைத்தியர் ஏன் என்பார், மனைவி ஏன் என்பாள்... கட்டை அவிழ்க்காமலே விட்டேன். அவிழ்த்தபோது பாதம் தொங்கியது.

‘பாவம், தகப்பன் பயந்துட்டான்’ என்று சொந்தக்காரர்கள் இப்போது சொல்கிறார்கள். கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது. பயந்தவன் கத்துவான், ஓடுவான். நான் ஜோக்கடித்தேன்.

மதுரையில் எலும்பு டாக்டர் படத்தைப் பார்த்துக்கொண்டே, வீட்டில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்றார். யாருமில்லைங்க என்றேன். அப்போதும் சொன்னேன்! வெளியே மதுரை வெயில். நான் ஸ்வெட்டரில் வெந்துகொண்டிருந்தேன். மேகலா என்னைப் பார்த்தாள். கழுத்திலிருந்து மணிக்கட்டுவரை நிதானமாகப் பார்த்தாள்.

“ஸ்வெட்டரக் கழட்டுங்கப்பா.”

கழற்றினேன். டாக்டர் சந்தையில் கிழங்கு பார்ப்பதுபோல் என்னைத் தடவிப் பார்த்தார். பெற்றவரிடமிருந்து பிள்ளைக்கு வருவது இது, முதலிலேயே தெரிந்திருந்தால் அந்த இடத்தில் கட்டே போட விட்டிருக்க மாட்டோம் என்றார். கூட வந்திருந்த என் மனைவி சுவரைப் பார்த்தாள். முடிச்சை வெட்டி எடுத்தார்கள். நரம்பு விழிக்கலாம், விழிக்காமலும் போகலாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

அன்றிலிருந்து வீட்டில் என் ஜோக்குக்கு ஆள் இல்லை. ஒருமுறை பழக்கதோஷத்தில் ஏதோ வாயை விட்டேன். “பொண்ணு பாக்க வாரவுகளுக்கு எடுத்து வைங்க, அவுக சிரிக்கட்டும்” என்றாள் மனைவி. மேகலா அவளிடம், வருகிறவர்களிடம் நானே எல்லாவற்றையும் சொல்லிக்கொள்கிறேன், இவர் அப்போது வீட்டில் இருக்கவேண்டாம் என்றாள். இவர்... அப்பா என்றுகூட இல்லை. நியாயம்தான்.

உங்களிடம் ஏன் சொல்கிறேன்? மன்னிப்புக்கு அல்ல. நீங்கள் யார் மன்னிக்க? உங்கள் வீட்டிலும் ஒரு ஸ்வெட்டர் இருக்கும், போய்ப் பாருங்கள்.

வெள்ளனே எழுந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவள் பயிற்சி செய்கிறாள். பாதத்தை மேலே தூக்கவேண்டும். அவ்வளவுதான் பயிற்சி. பல்லைக் கடிக்கிறாள், கழுத்து நரம்பு புடைக்கிறது, பாதம் அசைவதில்லை. நான் எதிரே கேரட் காட்டில் மண்வெட்டியோடு நின்று பார்க்கிறேன். அவள் முயலும்போதெல்லாம் சேற்றுக்குள் என் பாதம் தானாக மேலே எழுகிறது. அதே வியாதி, அதே முழங்காலடி.

என்னுடையது எழுகிறது.