மெத்தைக் கடையில் படுத்துக் காட்டியவர்

இடுப்பு வலிக்கு இனித் தரையில் படுக்கக் கூடாதென்று டாக்டர் சொன்னதால், மெத்தை வாங்க அரூர் போனேன். கடைக்காரர் என் உயரம்தான். மீசை மட்டும் பெரிசு.

"ரெண்டரை அடி அகலம் போதும்ப்பா. நான் ஒத்தக்கட்டை" என்றேன்.

"படுத்துப் பாருங்க ஆயா."

"நாலு பேரு நிக்கிற எடத்துலயா? நல்லாருக்குது போ!"

"சரிங்க, எப்பிடிப் படுப்பீங்க? அதயாச்சும் சொல்லுங்க."

"ஒருக்களிச்சு, முட்டிய மடக்கி."

செருப்பைக் கழற்றிவிட்டு அவரே அப்படிப் படுத்தார். முட்டி இரண்டும் மெத்தைக்கு வெளியே நின்றன. கடையே சிரித்தது.

"ஒத்தக்கட்டைன்னாலும் முட்டி ரெண்டு இருக்குதுங்களே ஆயா. மூணடி எடுங்க."

மூன்றடியே எடுத்தேன். இடுப்பு இப்போது தேவலை. அவர் பேரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். கட்டியவரும் சரி, பெற்றதுகளும் சரி, நான் எப்படிப் படுப்பேன் என்று ஒருநாளும் கேட்டதில்லை.