மாமாவின் அறையில் அடித்த நாற்றம்

கட்டில் விளிம்பில் இருந்தபடி மாமா தன் சட்டைக் கையை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்ததைக் கதவிடுக்கால் கண்டேன். முதலில் ஒரு கை, பிறகு மற்றக் கை. பிறகு கழுத்துப்பட்டியை இழுத்து உள்ளேயும் மோந்தார். காலையில்தான் குளித்திருந்தார். சட்டை நான் தோய்த்து வெயிலில் காயவிட்டது. ஆள் நிற்பது தெரிந்ததும் பொத்தானைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டார். மாமா என்பது என் கணவரின் தகப்பன். இரணைமடுக் குளத்துத் தண்ணீரை வாய்க்கால் வாய்க்காலாக வயல்களுக்குத் திறந்துவிடும் வேலையிலேயே வயது முழுவதையும் கழித்தவர். தண்ணீர் களவெடுக்க வந்தவர்களை மண்வெட்டியோடு துரத்திய மனிதர். அவரைத் தன் உடம்பையே சந்தேகப்பட வைத்தோம். நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. யார்மேல் என்றுதான் விளங்கவில்லை.

கிளிநொச்சி வெக்கையில் அவருக்கு மூச்சு வாங்குகிறது என்று கனடாவில் இருக்கும் மச்சான், அதாவது என் கணவரின் தம்பி, அந்த அறைக்கு ஏசி பூட்டுவித்தார். முதல் வருடம் ஒரு குறையும் இல்லை. அடுத்த கோடையில் தண்ணீர் குறைந்து, சிறுபோக நெல்லுக்குக் குளத்தைத் திறக்கவில்லை. கிணற்றில் அடி தெரிந்தது. ஏசியிலிருந்து சுவருக்கு வெளியே சொட்டும் தண்ணீரை மாமா வாளியில் பிடித்துத் தன் கத்தரிக் கன்றுகளுக்கு ஊற்றினார். அந்தக் கோடையிலேதான் அறைக்குள் நாற்றமும் தொடங்கியது. ஊறப்போட்டு மறந்துவிட்ட சாக்கு மாதிரி ஒரு புளித்த நாற்றம். மத்தியானம் கதவைச் சாத்தி ஏசியைப் போட்டதும் முகத்தில் அடிக்கும். கொஞ்ச நேரம் போனால் குறைந்துவிடும். குறைந்ததா, மூக்குப் பழகியதா என்பது தெரியாது. சில நாள் ஒன்றும் இருக்காது. இல்லை என்று நிம்மதியாக இருந்தால் மறுநாள் இன்னும் மோசமாக வரும்.

பக்கத்து வீட்டு அக்கா வந்து மோந்துவிட்டு, "முகட்டில எலி செத்துக் கிடக்கு, வேற ஒண்டுமில்லை" என்றார். இவர், என் கணவர், ஏறி ஓட்டைக் கழற்றிப் பார்த்தார். எலி இல்லை, ஒட்டடை மட்டும் தலை முழுக்க. ஏசிக்காரரைக் கூப்பிட்டோம். முன்மூடியைத் திறந்து வலையைக் கழுவினார், "காஸ் கசியுது போல" என்று புதுக் காஸ் அடைத்தார், போகும்போது ஏதோ வாசனை மருந்தையும் அடித்துவிட்டுப் போனார். பின்சுவர்ப் பக்கம் சுள்ளென்ற வெயில் என்று அவர் எட்டியும் பார்க்கவில்லை. அதன் பிறகு அந்த அறையில் இரண்டு நாற்றம். நான் திரைச்சீலைகளைத் தோய்த்தேன், மெத்தையை முற்றத்தில் போட்டு அடித்தேன், நிலத்துக்கு டெட்டோல் விட்டுத் துடைத்தேன். ஒரு பலனும் இல்லை. அப்போதுதான் கனடாவிலிருந்து மச்சான் போனில் தீர்ப்புச் சொன்னார். "அண்ணி, நான் சொல்லுறன் எண்டு குறை நினைக்காதேங்கோ. அது வயசு போன ஆக்களின்ரை மணம். இஞ்சை அதுக்கெண்டே தனிச் சோப் விக்கிறாங்கள்." பல்லாயிரம் மைல் தள்ளியிருந்து மோந்து பார்த்த மூக்கு அது.

நான் நம்பவில்லை. ஆனால் இவர் சோதித்துப் பார்க்கப் போனார். தகப்பனை இரண்டு நாள் தன் சகோதரியின் வீட்டுக்கு, வவுனியாவுக்கு, அனுப்பினார். இரண்டு நாளும் அறையில் நாற்றமே இல்லை. "பாத்தீரே?" என்றார் என்னிடம். ஆள் இல்லாத அறைக்கு ஏசி எதற்கு என்று அதையும் நிறுத்தி வைத்திருந்தோம் என்பது படித்த இவருக்கும் படவில்லை, எனக்கும் படவில்லை. மாமா திரும்பி வந்து ஏசியைப் போட்டார், நாற்றம் வந்தது, கதை முடிந்தது. காற்றோட்டமான வீடு, ஆஸ்பத்திரியும் கிட்ட என்று சொல்லி அவரை நிரந்தரமாகவே வவுனியாவுக்கு அனுப்ப அண்ணனும் தம்பியும் முடிவெடுத்தார்கள். ஏன் என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது. கூட்டிப்போக வான் வண்டி வர முன் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"பிள்ளை, நீ பொய் சொல்லமாட்டாய். என்னில மணக்குதோ?"

"எனக்குத் தெரியேல்லை மாமா" என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டு, போய் முன் சீட்டில் ஏறாமல் வானின் கடைசி சீட்டில் ஏறி, கண்ணாடியை முழுவதும் திறந்து வைத்துக்கொண்டார்.

ஆடி விடுமுறைக்கு மச்சான் குடும்பத்தோடு வந்தார். மாமாவின் மெத்தையை எரித்து, சுவருக்குப் புதுப் பெயின்ற் அடித்து, அந்த அறையைத்தான் அவர்களுக்கு ஒதுக்கினோம். ஏசியைப் போட்டுக் கொஞ்ச நேரத்திலேயே மச்சான் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் மரியாதை எல்லாம் பறந்துபோனது. "இப்ப ஆரில மணக்குது மச்சான்? உங்களிலயோ? அந்தச் சோப்பைக் கொண்டந்தனீங்களோ?" என்று கேட்டேன். இவர் "சும்மா இரும்" என்றார். நான் இருக்கவில்லை. ஏசிக்காரரைப் பிடித்து வந்து, முழுவதையும் கழற்றினால்தான் வீட்டை விட்டுப் போகலாம் என்று வாசலில் நின்றுகொண்டேன்.

கழற்றினார். உள்ளே குளிரில் ஊறுகிற தண்ணீர் வடிந்து விழும் தட்டில் கறுப்புக் களி மாதிரிப் பாசி கட்டி நின்றது. நாற்றம் அதிலிருந்துதான். தண்ணீர் ஏன் வெளியே போகாமல் நின்றது என்று குழாயைப் பிடித்துக்கொண்டு பின்சுவருக்குப் போனோம். மாமாவின் வாளி அங்கேயே இருந்தது, நிரம்பி. குழாயின் முனையில் ஒரு கல்லைக் கட்டி வாளியின் அடியில் அமிழ்த்தி வைத்திருந்தார், ஒரு சொட்டும் வெளியே தெறிக்கக் கூடாதென்று. முனை தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்தால் மேலேயிருந்து தண்ணீர் இறங்காது என்றார் ஏசிக்காரர். வாளி நிரம்பிய நாள்களில் நாறியிருக்கிறது, கத்தரிக்கு ஊற்றி வெறுமையான நாள்களில் குறைந்திருக்கிறது. தண்ணீர் வீணாகப் போவதைப் பார்க்க முடியாத இந்த மண்ணில்தான் இப்படி ஒரு பிழை நடக்கும். நாங்கள் எல்லோரும் தினமும் தாண்டிப்போன வாளி அது.

அங்கேயே நின்று வவுனியாவுக்குப் போன் எடுத்தேன்.

"மாமா, நாறினது நீங்கள் இல்லை. மெசினுக்குள்ள தண்ணி நிண்டு பாசி பிடிச்சுக் கிடக்கு."

"தண்ணி ஏன் நிண்டது?"

சொல்லாமல் விட்டிருக்கலாம். எனக்குச் சுற்றி வளைக்க வராது. "குழாய் வாளித் தண்ணிக்குள்ள தாண்டு கிடந்தது மாமா" என்றேன்.

"அப்ப நான்தான் செய்திருக்கிறன். தம்பி ஆசையாப் பூட்டித் தந்த சாமான். பழுதாப்போச்சோ?"

"சாமானை விடுங்கோ. உங்களில மணமில்லை எண்டு சொல்லுறன். நாளைக்கு இவர் வந்து கூட்டிக்கொண்டு வருவார், வெளிக்கிட்டு நில்லுங்கோ."

"வாறன் பிள்ளை. மழை தொடங்கட்டும், வாறன்" என்றார்.

மழை தொடங்கியது. காலபோக நெல் விதைத்தார்கள், வெட்டினார்கள். அவர் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் சொன்னார். அங்கேயேதான் செத்தும்போனார். இப்போது அந்த அறையில் என் மகள் படிக்கிறாள், ஏசி போட்டால் வெறும் குளிர்தான் வருகிறது. நான் செய்தது சரியா என்று எனக்கு இன்னும் குழப்பமாக இருக்கிறது. அவரில் பிழையில்லை என்று சொல்லத்தான் போன் எடுத்தேன், பிழை அவருடையது என்றல்லவா அவர் கேட்டுக்கொண்டார்.

கடைசியாகப் போய்ப் பார்த்த அன்று மச்சாள், இவரின் சகோதரி, எங்களுக்கு முற்றத்தில் கதிரைகள் போட்டிருந்தார். மாமா உள்ளேயிருந்து வந்தவர் உடனே இருக்கவில்லை. மாமரத்து இலைகளை அண்ணாந்து பார்த்தார். காற்று எந்தப் பக்கத்தால் வருகிறது என்று பார்த்துக்கொண்டு, தன் கதிரையைத் தூக்கிப்போய்க் காற்று எங்களைத் தாண்டித் தன்னிடம் வருகிற பக்கமாகப் போட்டு இருந்தார். "கிட்ட வாங்கோ மாமா, கதைக்கிறது கேக்கேல்லை" என்றேன்.

"இஞ்சை நல்லாக் கேக்குது பிள்ளை. நீ கதை" என்றார்.