எண்பத்தெட்டரை

எங்கள் ஆஸ்பத்திரியில் அவளுக்கு ‘டேப் அக்கா’ என்று பெயர். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். பரிசோதனைப் பிரிவில் அவள் மேசைக்கு அடுத்த மேசை என்னுடையது. அவள் இடுப்பை அளப்பாள், நான் ரத்தம் எடுப்பேன். பதினான்கு வருஷமாக இதுதான் எங்கள் பிழைப்பு.

இடுப்பை அளப்பது என்ன பெரிய வித்தையா என்று கேட்பவர்கள் அவள் அளப்பதைப் பார்த்ததில்லை. கடைசி விலா எலும்பை விரலால் தேடுவாள். இடுப்பெலும்பின் விளிம்பைத் தேடுவாள். இரண்டுக்கும் நடுவில் பேனாவால் ஒரு புள்ளி. நாடாவைச் சுற்றி, முன்னும் பின்னும் ஒரே மட்டமா என்று குனிந்து பார்த்துவிட்டு, “மூச்சை விடுங்க” என்பாள். விட்ட மூச்சின் கடைசியில் நாடா என்ன காட்டுகிறதோ அதுதான் கணக்கு. துணி நாடா நாளடைவில் இழுபடும் என்று திங்கள்தோறும் இரும்பு ஸ்கேலில் வைத்துச் சரிபார்ப்பாள். அரை சென்டிமீட்டரைக்கூட யாருக்கும் தள்ளுபடி செய்தவள் இல்லை.

ஆண்களுக்குத் தொண்ணூறு, பெண்களுக்கு எண்பது. அதைத் தாண்டினால் என் மேசைக்கு வர வேண்டும். தாண்டாதவர்கள் வீட்டுக்குப் போகலாம். எல்லோருக்கும் ரத்தம் பார்க்க வசதி இல்லாததால் எங்கள் டாக்டர் போட்ட கோடு அது. வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்புக்கும் ரத்தத்தில் ஓடும் கொழுப்புக்கும் உறவு உண்டுதான். ஆனால் ஒன்றுவிட்ட சொந்தம் மாதிரி, கூப்பிட்டபோதெல்லாம் வந்து நிற்காது. பருத்தவரின் ரத்தம் தெளிவாக இருந்ததையும் பார்த்திருக்கிறேன், ஒல்லிக்குச்சி ஒருவரின் ரத்தம் என்னைத் திடுக்கிட வைத்ததையும் பார்த்திருக்கிறேன். நாடா கைகாட்டும், அவ்வளவுதான். சாட்சி சொல்வது ரத்தம்.

அக்காவின் அண்ணன் பஸ் டிப்போவில் மெக்கானிக். குச்சிக் கை, குச்சிக் கால், நடுவில் மட்டும் குடத்தைக் கட்டியது போல வயிறு. டிப்போவில் நாங்கள் முகாம் போட்டபோது அவரும் வரிசையில் வந்தார். பஸ்ஸின் அடியில் தனியாகப் படுத்து வேலை பார்க்கிற மனிதருக்கு ஊசியைக் கண்டால் சின்ன வயதிலிருந்தே கைகால் உதறும். அக்கா நாடாவைச் சுற்றியபோது தொண்ணூற்று நாலரை. உடனே அவர் வயிற்றை எக்கி மூச்சைப் பிடித்துக்கொண்டார். இப்போது எண்பத்தெட்டரை. பல்லிடுக்கில் தங்கையிடம், “நானும் மூச்சு விடல, நீயும் மூச்சு விடாத” என்றாராம்.

அக்கா சிரித்துவிட்டாள். சிரித்தபடியே அவர் அட்டையில் எண்பத்தெட்டரை என்று எழுதினாள். அவர் என் மேசையைத் தாண்டிப் போகும்போது, “எனக்குக் கொழுப்பெல்லாம் வாயிலதாம்மா, ரத்தத்துல இல்ல” என்றார். ஒன்றும் தெரியாமல் நானும் சிரித்தேன்.

ஏழு மாதம் கழித்து ஒரு மத்தியானம் அவரை நெஞ்சுவலி என்று எங்கள் ஆஸ்பத்திரிக்கே தூக்கி வந்தார்கள். அன்று தப்பிப் போன ரத்தம் கடைசியில் என் மேசைக்குத்தான் வந்தது. குழாயை மெஷினில் சுற்றி எடுத்தேன். மேலே தெளிந்து நிற்க வேண்டியது பால் ஊற்றியது போல வெளுத்து நின்றது. ரிப்போர்ட் அச்சாகி வருவதற்குள் அவர் போய்விட்டார். அவருடைய பழைய அட்டை எங்கள் அலமாரியில்தான் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். அந்த வயிறு எப்படி எண்பத்தெட்டரை ஆகும்? அக்காவிடம் கேட்கத் தெரியாமல் இல்லை. கேட்கவில்லை.

சாவு வீட்டில் பழி மருமகள் தலையில் விழுந்தது. அக்காவின் அம்மா ஊர் கூடியிருக்கும்போது, எண்ணெயில் முக்கி முக்கி ஆக்கிப் போட்டே என் பிள்ளையைக் கொன்றுவிட்டாள் என்று சொல்லிவிட்டார். துக்கத்தில் வந்த வார்த்தைதான். ஆனால் கொட்டினால் அள்ள முடியுமா? அன்றிலிருந்து அண்ணி வீட்டில் எண்ணெய் வாங்கவில்லை. வேகவைத்ததைத் தின்றாள், அதிலும் பாதி. அக்கா மாதம் ஒருமுறை அவளைப் பார்க்கப் போவாள். அக்காவுக்கு நாடா வேண்டாம், கண்ணே போதும். திரும்பி வந்து என்னிடம் அண்ணியின் இடுப்பைச் சொல்வாள். எழுபத்தி நாலு என்றாள் முதலில். பிறகு எழுபது. மூன்றாவது வருஷம் அறுபத்தி மூன்று என்றாள்.

வேலையிலும் அவள் மாறிப்போனாள். “மூச்சை விடுங்க” என்று சொல்லிவிட்டுக் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்பாள். விடுகிற சத்தம் கேட்கும்வரை நாடாவைப் பார்க்க மாட்டாள். மதிய இடைவேளையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது, எடைமெஷின் பக்கத்தில் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்பாள். “விட மாட்டேங்கிறார்டி.” காதில் அழுக்கு என்று கேலி செய்தேன். ஒரு நாள் அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தேன். ஒன்றுமில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு அங்கே தனியாக உட்கார்ந்து சாப்பிட எனக்கும் பிடிக்கவில்லை.

போன மாதம் ஒரு கிளார்க் அளக்க வந்தார். தொந்தியை மறைக்க எல்லோரும் செய்கிற வேலைதான், வயிற்றை எக்கிக்கொண்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். “விடுங்கன்னு சொல்றேன்ல, செத்துப்போவீங்க” என்று அக்கா கத்தினாள். அந்த மனிதர் சட்டைப் பட்டனைக்கூடப் போடாமல் வெளியே ஓடினார்.

அவளை ஸ்டோர் ரூமுக்கு இழுத்துப் போனேன். பஞ்சுப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அத்தனையும் சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது, அவள் மேல் பாதி, அந்த அட்டையைப் பார்த்தும் வாயை மூடிக்கொண்டிருந்த என் மேல் பாதி.

“போனவரு மூச்சை விட்டுட்டாருக்கா. நீதான் இன்னும் விடல. போய் அண்ணிகிட்டச் சொல்லு.”

“சொன்னா அண்ணி என்னைப் படியேத்த மாட்டாங்க.”

“சொல்லலன்னா, படியேறிப் போய்ப் பாக்க அங்க ஆளே இருக்க மாட்டாங்க.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனோம். தனியாகப் போனால் பாதிப் படியில் திரும்பிவிடுவேன் என்று என்னையும் கூட்டிப் போனாள். மூன்றாவது மாடி. அண்ணிதான் கதவைத் திறந்தாள். இரண்டு எலும்பு, நடுவில் ஒரு புடவை. அக்கா உட்காரவில்லை. நின்றபடியே தொண்ணூற்று நாலரையைச் சொன்னாள், எண்பத்தெட்டரையைச் சொன்னாள், எக்கிய வயிற்றைச் சொன்னாள்.

“அண்ணன் போனதுக்கு உங்க சமையல் காரணம் இல்ல அண்ணி. நான் உள்ளத உள்ளபடி எழுதியிருந்தா அன்னைக்கே மருந்து குடுத்திருப்பாங்க.”

டாக்டரைக் கேட்டால் இதையும் முழுசாக ஒப்புக்கொள்ள மாட்டார். சமையலுக்குப் பங்கே இல்லை என்றோ, மருந்து கட்டாயம் காப்பாற்றியிருக்கும் என்றோ யார் சொல்ல முடியும்?

அண்ணி அழவில்லை. எங்களைத் தாண்டி வெளியே போனாள். ஆட்களைக் கூட்டி வரப் போகிறாள் என்று நான் பயந்தேன். எதிர் வீட்டிலிருந்து அரை டம்ளர் எண்ணெயும் இரண்டு முட்டையும் வாங்கிக்கொண்டு வந்தாள். அடுப்பைப் பற்றவைத்து ஒரு முட்டையைப் பொரித்து, அடுப்படியிலேயே நின்று தின்றாள். எங்களுக்கு வேண்டுமா என்று கேட்கவில்லை. தட்டில் ஒட்டியிருந்ததையும் விரலால் வழித்துத் தின்றுவிட்டுத்தான் பேசினாள்.

“ஊசிக்குப் பயந்தாரு, விட்டுட்ட. நானா இருந்தாலும் விட்டிருப்பேன். அதுக்கு உம்மேல எனக்குக் கோவம் இல்ல.”

அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். மூன்று வருஷத்துக்குச் சேர்த்து அழுதாள். அண்ணி அவள் அழுது முடிக்கும்வரை காத்திருந்தாள்.

“உங்கம்மா அந்த வார்த்தையச் சொன்னப்ப, நீ எம் பக்கத்துல உக்காந்து தோள்ல கை வச்சிருந்த. ஞாபகம் இருக்கா?”

அக்கா தலையை ஆட்டினாள்.

“அத்தனை பேர்ல அந்தக் கை ஒன்னுதான் எனக்குன்னு மூணு வருஷமா நெனச்சுக்கிட்டிருந்தேன். அதுக்குத்தான் எல்லாமே தெரிஞ்சிருந்திருக்கு.”

அண்ணி அடுப்பின் பக்கம் திரும்பி இரண்டாவது முட்டையை உடைத்தாள்.