மாமா தண்ணீரைக் கொட்டிய சனிக்கிழமை

சபையில் நாலு பேர் முன்னால் நின்று சாட்சி பேசிப் பழக்கம் இல்லாதவள் நான். அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதித் தருகிறேன். இதில் நான் வெட்கப்பட வேண்டிய இடமும் உண்டு. அதை மறைத்தால் ஆண்டவர் செய்ததையும் சேர்த்து மறைத்ததாகிவிடும்.

என் பெயர் எஸ்தர். இரண்டாயிரம் பிறந்து ஐந்தாறு வருடம் ஆகியிருக்கும். அப்போது அனுப்பர்பாளையத்தில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். வரிசையாக ஆறு வீடு. கடைசியில் எல்லாருக்கும் சேர்த்து ஒரே கக்கூஸ். என் வீட்டுக்காரர் தாமசுக்குச் சாயப்பட்டறையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். எனக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. பிள்ளைகள் இல்லை.

என் மாமனார் சேவூர்ப் பக்கம் தோட்டத்து வேலை செய்தவர். அத்தை இறந்தபின் எங்களிடம் வந்தார். எழுபத்தைந்து வயதைத் தாண்டியவர். மூட்டு வலி, கைத்தடி. ஆனாலும் தன் வேட்டியைத் தானே துவைப்பார். மருமகளிடம் ஒன்று கேட்கவே கூச்சப்படுவார்.

அந்தக் கோடையில் அவர் புத்தி தடுமாற ஆரம்பித்தது. என்னை அத்தை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "மாட்டை அவுத்து உடு, வெயில் ஏறுது" என்று சுவரைப் பார்த்துப் பேசினார். ஒருநாள் நான் வேலையிலிருந்து வந்தபோது வீடு திறந்து கிடந்தது, ஆளில்லை. அவிநாசி ரோட்டில் பஸ்களுக்கு நடுவே நின்றவரை ஒரு டீக்கடைக்காரர் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார்.

மறுநாளிலிருந்து நான் கதவை வெளியே பூட்டிவிட்டு வேலைக்குப் போனேன். இதைத்தான் வெட்கம் என்று சொன்னேன். ஒரு தட்டில் சோறு, ஒரு சொம்பில் தண்ணீர் வைப்பேன். சாயங்காலம் வந்து பார்த்தால் சோறு பாதி இருக்கும். சொம்பு காலியாக இருக்கும். தண்ணீராவது குடிக்கிறாரே என்று நினைத்துக்கொள்வேன். அவரோ நாளுக்கு நாள் மோசமானார். "வயசாயிருச்சு, இனி இப்படித்தான்" என்றார்கள் எல்லாரும். நானும் நம்பினேன். ஒரு டாக்டரிடம்கூடக் காட்டவில்லை.

ராயபுரத்திலிருந்து என் நாத்தனார் வந்து பார்த்தார். "எத்தன நாளைக்கு அம்மிணி நீ பூட்டிப்போட்டுப் போவே? முதியோர் இல்லத்துல சேத்தி உட்டுறலாம். திங்கக்கிழமை நானே வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றார். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் போனேன். எல்லாரும் பாடினார்கள். மனதுக்குள் நான் கேட்டது இதுதான்: "ஆண்டவரே, இவரை எடுத்துக்கொள்ளும். என்னால் முடியவில்லை." கேட்டவுடனே பயந்துபோனேன். "அது உமக்குச் சித்தமில்லை என்றால், நான் என்ன செய்யவேண்டும் என்றாவது காட்டும்" என்று சொல்லி அழுதேன்.

சனிக்கிழமை காலை கம்பெனியில் கரண்ட் போனது. ஜெனரேட்டரும் கிளம்பவில்லை. பத்தரை மணிக்கெல்லாம் எங்களை அனுப்பிவிட்டார்கள். அந்த நேரத்தில் நான் வீட்டில் இருந்ததே இல்லை. பூட்டைத் திறந்தேன். மாமா சுவரைப் பிடித்தபடி, பாத்திரம் கழுவும் மூலையில் நின்றிருந்தார். சொம்புத் தண்ணீரை மெல்லச் சாய்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, ஏனுங்க தண்ணியக் கீழ ஊத்தறீங்க?"

திரும்பிப் பார்த்தார். பல நாளைக்குப் பிறகு அந்தக் கண்ணில் ஒரு தெளிவு.

"குடிச்சா ஒண்ணுக்குப் போகோணுமல்லோ அம்மிணி? நீ பூட்டிப்போட்டுப் போறே. நான் எப்படிப் போவேன்?"

பக்கத்தில் போய் அவர் முகத்தைப் பார்த்தேன். அவருடைய நாக்கு காய்ந்து வெடித்திருந்தது. அத்தனை நாள் அதை நான் பார்க்கவே இல்லை.

உடனே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ரத்தம், சிறுநீர் எல்லாம் சோதித்தார்கள். டாக்டரம்மா கோபப்படாமல் சொன்னார்: "உடம்புல தண்ணியே இல்லைங்க. அதோட சிறுநீர்ல கிருமி சேர்ந்திருக்கு. வயசானவங்களுக்கு இப்படி ஆனா மூளை குழம்பிடும். எல்லா மறதியும் இதனால வர்றதில்லை. ஆனா இவருக்குச் சரியாகும்னு தோணுது." குளுக்கோஸ் ஏற்றினார்கள். மருந்து கொடுத்தார்கள்.

திங்கட்கிழமை நாத்தனார் சொன்னபடியே வந்தார். ஆனால் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டிலில் சாய்ந்திருந்த மாமா மகளைப் பார்த்து, "வா சாமி, சாப்புட்டயா?" என்றார். நாத்தனார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். இல்லத்துப் பேச்சை அதன்பின் யாரும் எடுக்கவில்லை.

தேறியபிறகு மாமா விஷயத்தைச் சொன்னார். புத்தி தடுமாறுவதற்கு முன்பே, ஒரு காலையில் கக்கூஸ் வரிசையில் பெண்களோடு நிற்கும்போது வேட்டி நனைந்துவிட்டதாம். அன்றிலிருந்து தண்ணீரைக் குறைத்துக்கொண்டாராம். யாரிடமும் சொல்லவில்லை.

அதன்பின் வீட்டில் பல மாற்றம் செய்தோம். என் வீட்டுக்காரர் ஒரு பிளாஸ்டிக் சேரில் ஓட்டை அறுத்து, அடியில் வாளி வைத்து, மூலையில் திரை கட்டினார். காலையில் அப்பாவைக் குளிப்பாட்டிவிட்டுத்தான் ஷிப்டுக்குப் போவார். நான் சூப்பர்வைசரிடம் கேட்டு, துணிகளை வீட்டுக்கே வாங்கிவந்து நூல் பிசிர் வெட்டிக் கொடுத்தேன். நான் கடைக்குப் போனால் பக்கத்து வீட்டுத் தெய்வானை அக்கா வந்து உட்காருவார். காலை ஜெபம் முடிந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர், பிறகு மணிக்கொரு தரம் கொஞ்சம். "ஆட்டுக்குத் தண்ணி காட்டற மாதிரி காட்டறயே" என்று சிரிப்பார். குடித்துவிடுவார்.

மூன்று வருடத்துக்கு மேல் எங்களோடு இருந்தார். மூட்டு வலி கடைசிவரை போகவில்லை. மறதியும் கொஞ்சம் இருந்தது. ஆனால் எங்களை அடையாளம் தெரியாமல் ஒருநாளும் இருந்ததில்லை. ஒரு விடியற்காலை, மகன் கையைப் பிடித்திருக்க, வீட்டிலேயே ஆண்டவரிடம் போனார்.

அதற்குக் கொஞ்ச நாள் முன்பு, மனசு தாங்காமல் அவரிடம் அந்த வெள்ளிக்கிழமை ஜெபத்தைச் சொல்லிவிட்டேன். "உங்களை எடுத்துக்கச் சொல்லிக் கேட்டனுங்க மாமா. மன்னிச்சுக்கோங்க."

அவர் சொன்னார். "நானும் அதயேதான் கேட்டுட்டு இருந்தேன் அம்மிணி. ரெண்டு பேரு கேட்டும் குடுக்கல, பாரு." சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன், அழுதேன்.

இன்றைக்கும் ஆண்டவர் காட்டிய அந்தத் தயவை நினைத்துத்தான் எழுந்திருக்கிறேன். உங்கள் வீட்டிலும் பெரியவர்களைப் பார்த்துப் பார்த்து மனம் சலித்துப் போயிருக்கலாம். ஆண்டவரிடம் சொல்லுங்கள். என்னைப்போல் சலித்துப்போய்ச் சொன்னாலும் பரவாயில்லை, அவர் கேட்பார். டாக்டரிடமும் காட்டுங்கள். தனியாகத் தாங்க முடியாவிட்டால் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னிடம் வந்து சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்கு வருகிறேன். சேர்ந்து ஜெபிப்போம். பிறகு நீங்கள் கொஞ்ச நேரம் படுத்துத் தூங்குங்கள். நான் உங்கள் வீட்டுப் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.