தறி நின்றால் போன் வரும்

எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு விசைத்தறி. அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேச்சே கேட்காது. ஆனால் சுடலைராஜுக்கு மட்டும், எதிர் டீக்கடையில் உட்கார்ந்தபடியே தன் வீட்டுத் தறிச் சத்தம் தனியாகக் கேட்கும். அறுந்த நூலை முடிச்சுப் போடுகிற நேரத்துக்கு மேல் தறி நின்றால் அவன் மனைவி தேன்மொழிக்கு போன் வந்துவிடும்.

"எதுக்கு நின்னுச்சு? யாரு வந்தா?"

பொண்டாட்டி மேல் என்ன அக்கறை என்று நானே வாய் கிழியப் பேசியிருக்கிறேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஆறு வருஷமாகப் பக்கத்து வீட்டுக்காரி நான். சித்திரை வெயிலிலும் அவள் முழுக்கை ஜாக்கெட் போடுவதை, "பெரிய ஸ்டைல்தான்" என்று கேலி வேறு செய்தேன்.

போன பங்குனியில் குழாயடியில் குடத்தைத் தூக்க முடியாமல் நின்றாள். கையைப் பிடித்துத் துணியை ஒதுக்கினேன். முழங்கைக்கு மேலே பச்சையும் கறுப்புமாகக் கன்றிப்போயிருந்தது.

"அடிக்கதுகூடப் பெருசில்லக்கா. 'நீதான் என்னைய அடிக்க வச்சே'ங்காரு. எனக்கும் அப்படித்தானோன்னு தோண ஆரம்பிச்சிட்டு. நேத்து கழுத்தப் பிடிச்சாரு."

இனி ஒரு நாள்கூட இவள் அங்கே இருக்கக்கூடாது என்று பட்டது.

"நாளைக்கு மத்தியானம் புறவாசல் வழியாப் போயி பனவடலிசத்திரம் பஸ்ஸப் பிடி. உன் அண்ணன் வீட்டுக்குப் போயிரு. தறிய நான் ஓட்டுதேன்."

மறுநாள் ஒரு மஞ்சப்பையோடு போனாள். நான் அவள் தறியில் நின்றேன். நூல் அறுந்துவிடக் கூடாதே என்று சங்கரநயினாரை வேண்டிக்கொண்டேன். ஜன்னல் வழியே அவன் டீ குடித்துச் சிரிப்பது தெரிந்தது. ஒரு மணி நேரம் போயிருக்கும். போனைக் காதில் வைத்தபடி எழுந்தான். அவசரமில்லாமல் தெருவைக் கடந்து உள்ளே வந்து, தானே சுவிட்சை அணைத்தான்.

"மச்சான் பேசுனாரு. அவரே கூட்டிட்டு வாராராம். உங்களுக்குத்தான் வீண் சிரமம்க்கா."

அண்ணன் துரைப்பாண்டி கெட்டவன் இல்லை. தங்கச்சி தனியாக வந்து நின்றால் முதலில் மாப்பிள்ளைக்குத் தகவல் சொல்வதுதான் அவனுக்குத் தெரிந்த மரியாதை. அதை நான் யோசிக்கவே இல்லை.

நான் அங்கேயே காத்திருந்தேன். துரைப்பாண்டி தேன்மொழியைப் பைக்கில் கொண்டுவந்து இறக்கினான். கையில் பழப்பை வேறு.

"சின்னப்பிள்ள மாப்ள, எடுத்துச் சொல்லிருக்கேன்" என்றான்.

சுடலைராஜ் அவனுக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்து, தெருமுனை வரை போய் வழியனுப்பினான். திரும்பி வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நீங்க கிளம்புங்கக்கா."

நான் அசையவில்லை. போனை எடுத்து, பெண்கள் உதவி எண் 181-ஐ அழைத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"சொல்லுங்கம்மா, யாருக்கு உதவி வேணும்?" என்றது ஒரு பெண் குரல்.

போனைத் தேன்மொழி கையில் திணித்தேன். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியாமப் போட்டுட்டாங்கம்மா. இங்கன ஒண்ணுமில்ல" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

எனக்குத் தலை முதல் கால் வரை பற்றி எரிந்தது. "எக்கேடும் கெட்டுப்போ" என்று போனைப் பிடுங்கிக்கொண்டு வெளியேறினேன்.

என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் உறைத்தது. எனக்குப் போக ஒரு வீடு இருந்தது. கதவு சாத்திய பிறகு அவனோடு இருக்கப்போகிறவள் அவள். அந்தப் பதிலை அவனுக்குத்தான் சொல்லியிருக்கிறாள்.

வெறுங்காலோடு திரும்பி ஓடினேன். கதவு உள்ளே தாழ்போட்டிருந்தது. தறி ஓடவில்லை. ஒரு கையால் கதவைத் தட்டிக்கொண்டே மறுபடி 181-ஐ அழைத்தேன். இந்த முறை போனை யாரிடமும் கொடுக்கவில்லை.